சி டிரைவ் நிறைந்துவிட்டதா? பார்ட்டிஷனில் கை வைக்க முன் பார்க்க வேண்டியவை

களுவாஞ்சிகுடியில் கொம்பியூட்டர் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆரையம்பதியிலிருந்தும் வருவார்கள், கல்முனையிலிருந்தும் வருவார்கள். ஆசிரியர்கள், கலியாண வீடியோ எடுக்கும் தம்பிமார், போட்டோக் கொப்பி கடைக்காரர், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள். லப்டொப்பை மேசையில் வைத்ததும் பலர் கேட்பது ஒன்றுதான்: "சி-யில இடம் இல்லயாம், பார்ட்டிஷனைக் கொஞ்சம் கூட்டித் தாங்க."

பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி, அதுதான் சி, டி என்று திரையில் தெரிகிறது. பெரும்பாலும் அதைக் கூட்டவே தேவையிருக்காது. இடத்தை எது பிடித்திருக்கிறது என்று அரை மணி நேரம் இருந்து பார்த்தால் போதும். அதைப் பார்க்காமல் அவசரப்பட்டு வெட்டப் போய்த்தான் பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் படங்களும் மாணவர்களின் புள்ளிப் பதிவுகளும் தொலைந்துபோகின்றன. அதனால் திரையில் நீங்கள் காண்பதை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடைய பிரச்சினை எதுவோ அதை மட்டும் வாசித்தாலும் போதும்.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் பொது. தேவையான கோப்புகளை முதலில் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வையுங்கள். சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்றால், டி-யில் போட்ட கொப்பியைப் பெக்கப் என்று எண்ண வேண்டாம். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

"சி சிவப்பாக் காட்டுது, லோ டிஸ்க் ஸ்பேஸ் எண்டு வருகுது"

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் போய் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்பதைத் திறவுங்கள். எந்த வகை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டைகளாகக் காட்டும். கணக்கெடுத்து முடிக்க ஓரிரு நிமிடம் ஆகலாம், பொறுத்திருங்கள்.

முதலில் டெம்பொரரி பைல்ஸ். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஒப்டிமைசேஷன் பைல்ஸ், தம்ப்நெயில்ஸ் போன்றவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று இருக்கும். அதில் சரி போட வேண்டாம். எல்லாப் பெட்டியிலும் சரி போட்டு அழித்துவிட்டு, வட்ஸ்அப்பிலிருந்து இறக்கி வைத்த வினாத்தாள்கள் எல்லாம் போய்விட்டன என்று ஓர் ஆசிரியை கலங்கிப்போய் வந்தார். இறக்கிய கோப்புகள் வழக்கமாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். நம்மில் பலர் அதை அலுமாரி போலப் பாவிக்கிறோம். அதை நீங்களே திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டொலேஷன் என்று ஒரு வரி இருந்தால் அது பெரும்பாலும் பல ஜிபி இருக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்ததால் நிறையப் பேர் 11-க்கு மாறினார்கள். அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ் ஓல்ட் என்ற போல்டரில் ஒதுங்கி நிற்கும். 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பிப் போகலாம் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு விண்டோஸ் தானாகவே அழித்துவிடும். புதியது நன்றாக வேலை செய்கிறது, பிரின்டரும் வேலை செய்கிறது என்று உறுதியானால் அதற்கு முன்னரே அழிக்கலாம்.

இவ்வளவும் செய்தும் சிவப்பு மாறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் டெஸ்க்டொப்தான். டெஸ்க்டொப்பில் வைப்பது சி-க்கு வெளியே வைப்பது போல என்று பலர் நினைக்கிறார்கள். டெஸ்க்டொப், டொக்யூமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி-க்குள்தான் இருக்கின்றன. கலியாண வீடியோ ஒன்றை டெஸ்க்டொப்பில் வைத்து எடிட் செய்தால் அந்த ஒன்றே சி-யை நிறைத்துவிடும்.

டி-யில் இடம் இருந்தால் இந்தப் போல்டர்களை முறைப்படி அங்கே மாற்றலாம். வீடியோஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், அதில் லொக்கேஷன், பிறகு மூவ். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். முதலில் டி-க்குள் வீடியோஸ் என்று ஒரு புதுப் போல்டர் உருவாக்கி அதைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். போல்டர் இல்லாமல் டி-யையே தெரிவுசெய்தால், விண்டோஸ் முழு டி டிரைவையும் வீடியோஸ் போல்டராக எடுத்துக்கொள்ளும். பிறகு அதை அவிழ்ப்பது பெரும் சிக்கல். மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் இந்தப் போல்டர்களைப் பெக்கப் எடுக்கும்படி போட்டிருந்தால், முதலில் ஒன்ட்ரைவ் செட்டிங்ஸில் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

டெலிகிராம் பாவிப்பவர்கள் அதையும் பாருங்கள். பார்த்த ஒவ்வொரு வீடியோவின் கொப்பியும் உள்ளே தங்கியிருக்கும். அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் என்பதற்குள் மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கிறது. அங்கே துப்புரவாக்கலாம்.

தொடக்கூடாதவையும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று மிகப் பெரிதாகத் தெரியும். அதை நேரடியாக டிலீட் செய்யப் போக வேண்டாம். விண்டோஸின் சொந்த உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுவதால் உண்மையைவிடப் பெரிதாகவும் காட்டும். ப்ரோகிராம் பைல்ஸைக் கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்யவும் கூடாது. பாவிக்காத மென்பொருள் இருந்தால் செட்டிங்ஸில் அப்ஸ் என்பதற்குள் போய் அன்இன்ஸ்டோல் செய்யுங்கள்.

"அழிச்சிட்டன், ஆனா இடம் கூடவே இல்ல"

ரீசைக்கிள் பின்னைப் பார்த்தீர்களா? டிலீட் செய்தது முதலில் அங்கேதான் போகும், அதே டிரைவின் இடத்தைத்தான் பிடித்திருக்கும். அதைக் காலி செய்த பின்னும் கணக்குச் சரிவரவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத மூன்று இருக்கின்றன.

முதலாவது ஹைபர்னேட் கோப்பு. கொம்பியூட்டரை உறங்க வைக்கும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறது. வழக்கமாக அது ரேமின் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். ஹைபர்னேட் தேவையில்லை என்றால் கமாண்ட் ப்ரொம்ப்டை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து, பவர், அதனோடு ஒட்டியே சி எப் ஜி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, எச், மீண்டும் ஓர் இடைவெளி, ஓப் என்று டைப் செய்து என்டர் அடியுங்கள். அந்தக் கோப்பு உடனே போய்விடும். பாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து நிற்பதால் திறக்கும்போது சில விநாடி கூடுதலாக எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அந்தத் தாமதம் தெரியும், சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி என்றால் அவ்வளவு தெரியாது.

இரண்டாவது ரீஸ்டோர் பொயின்ட்கள். பிழை வந்தால் முந்திய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைப்பவை. ஸ்டார்ட்டில் கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட் என்று தேடித் திறந்து, கொன்பிகர் என்பதை அழுத்தினால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். உச்ச அளவைக் குறைத்து வைக்கலாம். முற்றாக நிறுத்துவதை நான் விரும்புவதில்லை, ஒருநாள் அது கை கொடுக்கும்.

மூன்றாவது பேஜ் பைல். ரேம் போதாதபோது விண்டோஸ் பாவிப்பது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னும் விடுபடவில்லையா? ட்ரீசைஸ் அல்லது வின்டர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஓட விடுங்கள். பெரிய போல்டர் எது, அதற்குள் பெரியது எது என்று வரிசையாகக் காட்டும். ஒருமுறை பாடசாலைக் கொம்பியூட்டர் ஒன்றில் இப்படிப் பார்த்தபோது, ஒரு பிரின்டர் மென்பொருள் எழுதிக்கொண்டே போன பதிவுக் கோப்பு மட்டும் பல பத்து ஜிபி நின்றது.

"1 டிபி வாங்கினன், 931தான் காட்டுது"

ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 1 டிபி 931 ஜிபியாகவும், 500 ஜிபி 465 ஆகவும், 256 ஜிபி 238 ஆகவும் தெரியும்.

"டி-யில 200 ஜிபி சும்மா கிடக்கு, ஆனா சி-யைக் கூட்ட விடுதில்ல"

இதுதான் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம், அதிகம் இழக்கும் இடமும் இதுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். கீழே பெட்டி பெட்டியாகத் தெரியும் படத்தை நிதானமாகப் பாருங்கள்.

முதல் கேள்வி, சி-யும் டி-யும் ஒரே வரிசையிலா இருக்கின்றன? டிஸ்க் 0 என்ற வரிசையில் சி, டிஸ்க் 1 என்ற வரிசையில் டி என்றிருந்தால் அவை இரண்டு தனித்தனி டிஸ்க்குகள். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்த லப்டொப்புகளில் இப்படித்தான் இருக்கும். ஒரு டிஸ்க்கின் இடத்தை மற்றதன் பார்ட்டிஷனோடு இப்படிச் சேர்க்க முடியாது. மேலே சொன்னபடி போல்டர்களை டி-க்கு மாற்றுவதுதான் வழி.

ஒரே வரிசையில் இருந்தாலும், சி-யில் ரைட் கிளிக் செய்தால் வரும் எக்ஸ்டெண்ட் வொலியூம் (நீட்டுவது) மங்கலாக இருக்கும். காரணம் எளிது. சி-யை நீட்ட வேண்டுமானால் அதற்கு வலப்பக்கத்தில், இடையில் எதுவும் இல்லாமல், கறுப்புப் பட்டையாக அன்அலொகேட்டட் என்ற வெற்றிடம் இருக்க வேண்டும். டி-க்குள் இருக்கும் காலி இடம் டி-க்குச் சொந்தம், வெற்றிடம் ஆகாது. சரி, டி-யைச் சுருக்கினால்? வெற்றிடம் டி-யின் வலப்பக்கத்தில் தோன்றும். சி-க்கும் அதற்கும் நடுவே டி நிற்கும். வயலுக்கு அப்பால் காணி வாங்கிய மாதிரி, இடையில் இன்னொருவருடைய வயல் கிடக்கும்போது வரப்பை நீட்ட முடியாது.

நான் செய்யும் வழி: டி-யில் உள்ள அனைத்தையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி எடுத்து, சில கோப்புகளை அங்கேயே திறந்து பார்த்து உறுதிசெய்து, பிறகு டி-யை டிலீட் செய்து, சி-யைத் தேவையான அளவுக்கு நீட்டி, மிச்சத்தில் புது டி உருவாக்குவது. கூடுதல் வேலை போலத் தெரியும். ஆனால் எந்தக் கட்டத்தில் கரண்ட் போனாலும் பொருள் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

பழைய கொம்பியூட்டர்களில் டி-யைச் சுற்றிப் பச்சைக் கோடு இருக்கும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க், டி அதில் எக்ஸ்டெண்டட் என்ற உறைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டி-யை டிலீட் செய்தாலும் இளம்பச்சையில் ப்ரீ ஸ்பேஸ் என்றுதான் வரும், கறுப்பாக மாறாது. அந்த உறைக்குள் வேறு டிரைவ் எதுவும் இல்லை என்று பார்த்து, அந்த ப்ரீ ஸ்பேஸையும் ஒருமுறை டிலீட் செய்தால்தான் அன்அலொகேட்டட் ஆகும். ஈ, எப் என்று மற்றவையும் உள்ளே இருந்தால் அவற்றையும் முதலில் கொப்பி எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த எம்பிஆர் முறையில் நான்கு ப்ரைமரி பார்ட்டிஷன்தான் போடலாம். ஐந்தாவது போடப் போனால், டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். நோ அழுத்துங்கள். யெஸ் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பதை அழிக்காமல் பேசிக் என்ற வழமையான வகைக்குத் திருப்ப விண்டோஸில் வழி இல்லை.

சி-க்கும் வெற்றிடத்துக்கும் நடுவே சில நூறு எம்பியில் ரிக்கவரி என்று ஒரு சின்னப் பெட்டி நிற்பதும் உண்டு. பழுதுபார்க்கும் கருவிகள் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸின் சொந்தக் கருவியால் அதை நகர்த்த முடியாது. மினிடூல் பார்ட்டிஷன் விசார்ட் போன்றவையோ, பென்ட்ரைவிலிருந்து திறக்கும் ஜிபார்ட்டெட்டோ நகர்த்தும். அந்த வேலை நடக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. டி போன்ற பெரிய பார்ட்டிஷனை நகர்த்தினால் மணிக்கணக்கில் எடுக்கும். மாரி மழை தொடங்கிவிட்டால் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், நான் இந்த வேலையை யாருக்குமே செய்யவில்லை. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், மேசைக் கொம்பியூட்டர் என்றால் யூபிஎஸ் வேண்டும்.

இன்னொன்று பிட்லொக்கர், டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் வாசிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் வசதி. புதிய விண்டோஸ் 11 லப்டொப்புகளில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போனாலே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கக் கூடும். பார்ட்டிஷனை மாற்ற முன் அதை இடைநிறுத்துங்கள். 48 இலக்க ரிக்கவரி கீ உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பூட்டு விழுந்தால் என்னாலும் திறக்க முடியாது, வேறு யாராலும் முடியாது.

இந்தச் சிக்கல் நம் ஊரில் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழக்கம். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் அழித்துத் திரும்பப் போடலாம் என்பதற்காக 500 ஜிபி டிஸ்க்கை நான்காக வெட்டி, சி-க்கு 40, 50 ஜிபி கொடுப்போம். அந்தக் காலத்துக்கு அது சரி. விண்டோஸ் 11 போடுவதற்கே 64 ஜிபி உள்ள டிஸ்க் வேண்டும் என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. இப்போது யாராவது உங்கள் 256 ஜிபி எஸ்எஸ்டியை மூன்றாகப் பிரித்துத் தரட்டுமா என்று கேட்டால், வேண்டாம், ஒன்றாகவே விடுங்கள் என்று சொல்லுங்கள்.

"புது எஸ்எஸ்டி போட்டும் சி நிறைஞ்சுதான் கிடக்கு"

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் (முழுதாகப் பிரதி எடுத்தால்) பழைய அளவிலேயே சி வந்து நிற்கும், மீதி வெற்றிடமாகக் கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-க்குப் பக்கத்திலேயே கறுப்புப் பட்டை இருந்தால் எக்ஸ்டெண்ட் கொடுங்கள், ஒரு நிமிட வேலை.

"சி-யில 150 ஜிபி காலி, ஆனா 8 ஜிபிக்கு மேல சுருக்க விடுதில்ல"

சுருக்கும்போது விண்டோஸ் பின்பக்கத்திலிருந்துதான் வெட்டும். நகர்த்த முடியாத ஒரு கோப்பு அங்கே உட்கார்ந்திருந்தால் அதற்கு முன்னால் வெட்டாது. மேலே சொன்ன மூன்றும்தான் இங்கேயும் மறிக்கின்றன. ஹைபர்னேட்டை நிறுத்தி, ரீஸ்டோர் பொயின்ட் எடுக்கும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனைத் தற்காலிகமாக நிறுத்தி, பேஜ் பைலையும் நோ பேஜிங் பைல் என்று போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு ஷ்ரிங்க் வொலியூம் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் பைலையும் ப்ரொடெக்ஷனையும் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

"பென்ட்ரைவில இடம் இருக்கு, வீடியோ ஏறுதில்ல"

கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்கும், பென்ட்ரைவ் பேட்32 என்ற பழைய முறையில் இருக்கும், அது அவ்வளவு பெரிய ஒரு கோப்பை ஏற்காது. உள்ளே இருப்பதைக் கொப்பி எடுத்துவிட்டு எக்ஸ்பேட் என்று போர்மட் செய்யுங்கள். பழைய டிவி சில எக்ஸ்பேட்டை வாசிக்காது. கலியாண வீடியோ கொடுக்கும் தம்பிமார், வீட்டில் என்ன டிவி என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், அல்லது வீடியோவை இரண்டாகப் பிரித்து ஏற்றுங்கள்.

விண்டோஸ் போடுவதற்காகத் தயாரித்த 64 ஜிபி பென்ட்ரைவ் பாதியாகக் காட்டினால் மிச்சம் வெற்றிடமாகக் கிடக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது பென்ட்ரைவ்தானா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்து, உள்ள பார்ட்டிஷனை டிலீட் செய்து, நியூ சிம்பிள் வொலியூம் கொடுங்கள். மிக மலிவாக வாங்கிய 1 டிபி பென்ட்ரைவில் போட்ட படங்கள் திறக்கவில்லை என்றால் அது போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து, உண்மையான அளவைச் சொல்லும்.

"புது ஹார்ட் டிஸ்க் போட்டன், காட்டவே இல்ல"

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நொட் இனிஷியலைஸ்ட் என்று இருக்கும். பிரிக்கும் முறையைக் கேட்கும்போது ஜிபிடி என்று தெரிவுசெய்து இனிஷியலைஸ் செய்து, பிறகு நியூ சிம்பிள் வொலியூம் போடுங்கள். எம்பிஆர் போட்டால் 2 டிபிக்கு மேல் பாவிக்க முடியாது. ஆனால் நேற்றுவரை படங்கள் இருந்த பழைய டிஸ்க் ஒன்று இப்படிக் காட்டினால் இனிஷியலைஸ் செய்ய வேண்டாம். முதலில் வயரை மாற்றுங்கள், வேறு கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதுவே வந்தால் அடுத்த பகுதியை வாசியுங்கள்.

"போர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது"

கேன்சல் அழுத்துங்கள். கரண்ட் போனபோதோ, எழுதிக்கொண்டிருக்கும்போது வயரை இழுத்தாலோ, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை குழம்பிவிடும். விண்டோஸ் அதை ரோ என்று காட்டும். படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், அவற்றுக்குப் போகும் வழிதான் தெரியவில்லை. போர்மட் செய்தால் அந்த அட்டவணையின் மேல் புதியது எழுதப்படும். அதற்குப் பிறகு எதையாவது கொப்பி செய்தால் படங்களின் மேலேயே எழுதப்படும்.

செக்டிஸ்க்கையும் முதலில் ஓட விட வேண்டாம். அது அட்டவணையைச் சீராக்கும் கருவி, உங்கள் படங்களைக் காப்பது அதன் வேலை அல்ல. தொழில் பழகிய ஆரம்பத்தில் என் தங்கச்சியின் கலியாணப் படங்கள் இருந்த வெளி டிஸ்க்கில் நான் உடனே அதைத்தான் ஓட விட்டேன். போல்டர்கள் போய், பெயரில்லாத துண்டுக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பாதிப் படங்கள் திரும்பவே இல்லை. இன்றும் அவள் வீட்டுச் சுவரில் இருக்கும் இரண்டு பெரிய படத்தைப் பார்க்கும்போது மற்றவை நினைவுக்கு வரும்.

டிஸ்க் கிளிக் கிளிக் என்று தட்டும் சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் உள்ளே கீறலைக் கூட்டும். தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

சத்தம் இல்லை, கொம்பியூட்டர் டிஸ்க்கைக் காண்கிறது என்றால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. டெஸ்ட்டிஸ்க்கில் பார்ட்டிஷனைத் தேட விட்டு, உள்ளே இருக்கும் கோப்புகள் பட்டியலாகத் தெரிந்தால், அங்கிருந்தே வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கலாம். பெயர்களும் போல்டர்களும் அப்படியே வரும். அது சரிவராவிட்டால் போட்டோரெக். அது படம், வீடியோ என்று கோப்பின் உருவத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும். பெயர்கள் வராது, எல்லாம் இலக்கங்களாக வரும். ஆயிரக்கணக்கில் வந்தாலும் உட்கார்ந்து பிரிக்கலாம். எஸ்எஸ்டியில் டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கியவை மட்டும் பெரும்பாலும் இப்படித் திரும்பாது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துப்புரவாக்கிக்கொள்ளும்.

மீட்டெடுப்பவற்றை எப்போதும் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். முடிந்ததும் சின்னப் படமாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இங்கொன்று அங்கொன்றாகத் திறந்து முழு அளவில் பாருங்கள், வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள். அவை சரியாகத் திறந்தால் இன்னொரு இடத்திலும் ஒரு கொப்பி போட்டுவிட்டு, அப்புறம் பழைய டிஸ்க்கைப் போர்மட் செய்யுங்கள்.